பாம்பு வராத கதைகள்

எங்க ஊர்க் கதை ஒன்று. விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்குப் பழைய கதைதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பா போனபிறகு சொத்து மொத்தமும் அண்ணன் கையில். தம்பி விவரம் தெரியாத பையன். வளர்ந்து ஆளானதும் "என் பாகத்தைப் பிரிச்சுக் குடு" என்று கேட்டான். "உனக்கேது பாகம், எல்லாம் எப்பவோ குடுத்தாச்சு" என்றான் அண்ணன். ஊர்ப் பஞ்சாயத்தில் தீரவில்லை. கடைசியில், எங்க ஊர் திருவாமாத்தூர் முத்தாம்பிகை அம்மன் கோயில் வட்டப்பாறை முன்னால் அண்ணன் சத்தியம் செய்யட்டும் என்று முடிவானது. அங்கே பொய்ச்சத்தியம் செய்தவன் பிழைக்கமாட்டான் என்பது நம்பிக்கை. அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? தம்பிக்குச் சேரவேண்டியதை எல்லாம் பொன்னாக மாற்றினான். ஒரு கைத்தடியைக் குடைந்து அதற்குள் அடைத்தான். பாறைக்கு முன்னால் வந்ததும் "இதைக் கொஞ்சம் புடிடா" என்று தடியைத் தம்பியிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "இவனுக்குச் சேரவேண்டியது எதுவும் என்கிட்ட இல்ல, எல்லாம் இவன் கையிலதான் இருக்கு" என்று சத்தியம் செய்தான். சொன்ன சொல்லில் பொய்யில்லை. ஒன்றும் ஆகவில்லை. தடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பியவன், வழியில் அம்மனையே ஏமாற்றிவிட்டேன் என்று சிரித்தான். தும்பூரில் பாம்பு கடித்துச் செத்தான். பாம்பின் தலை தும்பூரில், வால் எங்க ஊர் முத்தாம்பிகை கோயிலில் என்பார்கள். தும்பூரில் நாகம்மன் கோயிலும் இருக்கிறது.

ஆளுக்கு ஆள் சொல்லும் விதம் மாறும். இது எங்க ஆயா மல்லாட்டை உரித்துக்கொண்டே சொன்ன விதம்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது பாம்பு இல்லை, அந்தக் கைத்தடி. குடும்பத்துக்குள் நடக்கிற ஏமாற்று எப்படியிருக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. வெளியாள் ஏமாற்றினால் பொய் சொல்வான். கூடப்பிறந்தவன் உண்மையையே சொல்லி ஏமாற்றுவான். ஏமாந்தவன் கையிலேயே பொருளைக் கொடுத்து, அவனையே சாட்சியாகவும் நிறுத்துவான். தம்பிக்குத் தான் ஏமாந்தது தெரியும், எப்படி என்றுதான் தெரியாது. ஊருக்கு முன்னால் அவன்தான் பொய்யன். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் ஒருநாள் நின்று பார்த்தவர்களுக்கு இந்தத் தம்பியின் முகம் தெரியும்.

இராமனும் சுக்ரீவனும் இதே வட்டப்பாறை முன்னால்தான் நட்பை உறுதி செய்துகொண்டார்கள் என்றும் எங்க ஊரில் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், சுக்ரீவன் வழக்கும் அண்ணன் தம்பி வழக்குதான். வாலி இவன் பெண்டாட்டியையும் பிடுங்கிக்கொண்டு ஊரைவிட்டே துரத்தினான். இந்தப் பாறைக்கு வேறு வழக்கே வராது போலிருக்கிறது.

இதை எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னார்கள் என்பதுதான் இந்தப் பதிவுக்கான விஷயம். "பச்சைப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று எங்க ஆயா ஒருநாளும் நினைத்ததில்லை. நல்லதங்காள் கதையைச் சொல்லும்போது பஞ்சத்தை மறைக்கவில்லை, பசியோடு வந்த ஏழு பிள்ளைகளைக் கரித்துக்கொட்டிய அண்ணி மூளியலங்காரியை மறைக்கவில்லை, கிணற்றை மறைக்கவில்லை. பெற்ற தாயே பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டதைச் சொல்லிவிட்டு, "சரி, தூங்கு" என்று முந்தானையை இழுத்து மூடுவாள். மாற்றாந்தாய், கைகேயி, பிள்ளையைக் கறி சமைத்த சிறுத்தொண்டர், எல்லாம் அந்தத் திண்ணையில்தான் நடந்தது. நாங்கள் தூங்கினோம்.

அச்சில் வந்த குழந்தை இலக்கியம் வேறு பக்கம் போனது. 1947-இல் அம்புலிமாமா வந்தது, 1972-இல் கோகுலம் வந்தது. வாண்டுமாமாவைப் படித்து வளர்ந்தவள் நான். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். காடு, குகை, மந்திரவாதி, துப்பறியும் சிறுவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஆனால் நான் படித்தவற்றில் அப்பா என்றால் ஆபீஸ் போவார், அம்மா என்றால் பலகாரம் செய்வாள். அப்பா அடிக்கிற வீடு, அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்ட வீடு, தாத்தாவுக்குப் புத்தி பேதலித்த வீடு எதுவும் என் கைக்கு வந்த பக்கங்களில் இல்லை. எங்க தெருவில் எல்லாமே இருந்தன.

பிறகு நானே கதை சொல்லும் நாள் வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில்தான் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதல்வர் தொடங்கிவைத்தார். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து பிள்ளைகள் மறந்த எழுத்தைத் திரும்பப் பிடிக்க, சாயங்கால வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். நம்ம மாவட்டத்தில் தொடங்கியது என்கிற பெருமையில் நானும் சேர்ந்தேன். பாடம் அரை மணி, கதை அரை மணி என்பது நானாகப் போட்டுக்கொண்ட கணக்கு. வட்டப்பாறைக் கதையைச் சொல்லாமல் இருப்பேனா? சொன்னேன். பாம்பு கடித்த இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் கைதட்டின. நாலாம் வகுப்புப் பெண் ஒன்று மட்டும் கேட்டது:

"அப்ப எங்க பெரியப்பாவ ஏன் மிஸ் இன்னும் பாம்பு கடிக்கல?"

பையன்கள் சிரித்தார்கள். அது சிரிக்கவில்லை. அந்த வீட்டு நிலத் தகராறு ஊருக்கே தெரியும்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நம்ம பழைய கதைகள் காயத்தைப் பற்றி உண்மை பேசின. மருந்தைப் பற்றித்தான் பொய் சொன்னன. அண்ணன் ஏமாற்றினான் என்பது உண்மை. தம்பிக்கு யாரும் துணையில்லை என்பது உண்மை. பாம்பு வந்தது மட்டும்தான் பொய். பெரியவர்களுக்கு அது ஒரு ஆறுதல், நடக்காது என்று தெரிந்தே சொல்லிக்கொள்கிற ஆறுதல். பிள்ளைக்கு அப்படியில்லை. பிள்ளை காத்திருக்கும். வரவில்லை என்றால், "நாமதான் பொய் சொல்றோமோ, அதனாலதான் பாம்பு வரலையோ" என்று நினைக்கும்.

இன்றைக்கு "உண்மையான" கதை என்று எழுதப்படுவதிலும் இந்தப் பாம்பு வேறு வேடத்தில் வரும். அப்பா குடிப்பார். பக்கத்துக்குப் பக்கம் அம்மா அழுவாள். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் மகள் ஒரு கடிதம் எழுதுவாள், அல்லது காய்ச்சலில் விழுவாள். அப்பா பாட்டிலைத் தூக்கிப் போட்டு உடைப்பார். சுபம். எழுதுகிறவருக்கு நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை. படிக்கிற பிள்ளைக்கு அது சொல்வது என்ன? "அந்தப் பொண்ணு அழுதா, அவங்கப்பா திருந்திட்டாரு. நானும்தான் அழறேன், எங்கப்பா திருந்தல. அப்ப என் மேல அவருக்குப் பாசம் பத்தல." குடிக்கிறவன் செய்கிற தப்பை மெதுவாக நகர்த்திப் பிள்ளை தலையில் இறக்கிவைக்கிற கதை அது. இதைவிட மாயாஜாலக் கதையே மேல். அதில் வருவது மாயம் என்றாவது பிள்ளைக்குத் தெரியும்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. எரிக் கேஸ்ட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1949-இல் ஒரு சிறுவர் நாவல் எழுதினார். விவாகரத்தான அப்பா அம்மா, ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்ட இரட்டைப் பெண்கள், முகாமில் சந்தித்து இடம் மாறிக்கொள்கிறார்கள். விவாகரத்து பற்றிக் குழந்தைப் புத்தகமா என்று அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல்தான். 1961-இல் டிஸ்னி அதை 'தி பேரன்ட் ட்ராப்' என்று படமாக்கினார்கள். அதிலிருந்து 1965-இல் ஏவிஎம் எடுத்தது நம்ம 'குழந்தையும் தெய்வமும்'. குட்டி பத்மினி இரட்டை வேடம், ஜெய்சங்கரும் ஜமுனாவும் அப்பா அம்மா. தமிழுக்கு வந்ததும் பிரிவுக்குக் காரணமாக மாமியாரின் திமிர் வந்து சேர்ந்துகொண்டது. நம்ம ஊருக்கு அது பொருத்தமும்கூட. கொட்டகையில் மூன்று தலைமுறை அழுது சிரித்த படம். ஜெர்மனியில் தொடங்கி கோடம்பாக்கம் வரை மாறாதது ஒன்றுதான்: பிள்ளைகள் சாமர்த்தியமாக நடந்துகொண்டால் அப்பா அம்மா சேர்ந்துவிடுவார்கள். பிரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாரம் என்ன கொடுக்கமுடியும்?

இதற்கு மாற்று உண்டு. அமெரிக்காவில் பெவர்லி கிளியரி என்ற எழுத்தாளருக்கு, ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பையன்கள் தனித்தனியே, "அப்பா அம்மா பிரிஞ்ச பையனைப் பத்தி ஒரு கதை எழுதுங்க" என்று கேட்டு எழுதினார்கள். அவர் 1983-இல் 'டியர் மிஸ்டர் ஹென்ஷா' எழுதினார். அடுத்த ஆண்டு அதற்கு நியூபெரி பதக்கம் கிடைத்தது. லீ என்ற பையன் தனக்குப் பிடித்த எழுத்தாளருக்குக் கடிதம் எழுதுகிறான், பிறகு டைரி எழுதுகிறான். அப்பா லாரி ஓட்டுகிறவர். போன் பண்ணுகிறேன் என்பார், பண்ணமாட்டார். கெட்டவர் இல்லை, பொறுப்பில்லாதவர். கடைசியில் அப்பா வருகிறார். படிக்கிற நமக்கே, சேர்ந்துவிடுவார்களோ என்று அடித்துக்கொள்கிறது. அம்மா வேண்டாம் என்கிறாள். அப்பா திரும்பிப் போகிறார். பையன் என்ன செய்கிறான் என்றால், தனக்கு ரொம்ப ஆசையான நாயை, லாரியில் துணைக்கு இருக்கட்டும் என்று அப்பாவோடேயே அனுப்பிவிடுகிறான். எதுவும் தீரவில்லை. ஆனால் பையன் ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டான். இதை நான் மொழிபெயர்த்துக்கொண்டே வாசித்தபோது வகுப்பில் ஒரு சத்தமில்லை. "அவங்கம்மா சேந்திருக்கலாம்ல" என்று ஒரு பையன் கேட்டான். "எதுக்குடா, மறுபடியும் போன் பண்ணமாட்டாரு" என்று இன்னொருவன் பதில் சொன்னான். நான் வாயே திறக்கவில்லை.

தமிழில் இல்லையா? இருக்கிறது, இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நன்றாகவே வந்துகொண்டிருக்கிறது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2018-இல் வந்தது, 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. குழந்தைகள் மீதான பாலியல் தொந்தரவு பற்றிப் பிள்ளைகளுக்கே எழுதின நாவல். பேசுகிற மரப்பாச்சிப் பொம்மை ஒன்று வரும். வீட்டுப் பரணில் கிடக்கிற பொம்மையை இந்த விஷயத்துக்குப் பேச வைத்தது எனக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. சிவப்பு மை போட்ட விழிப்புணர்வுத் துண்டறிக்கையைப் பிள்ளை படிக்காது, பொம்மை பேசினால் கேட்கும்.

இந்த விஷயம் ஏன் குடும்பக் கதை என்று கேட்பவர்களுக்கு: 2007-இல் மத்திய அரசின் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியது. ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் பாதிக்கு மேல், 53 சதவீதம். தொந்தரவு செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், வீட்டார் நம்பி விட்டவர்கள். "தெரியாதவங்க மிட்டாய் குடுத்தா வாங்காத" என்று மட்டும் சொல்லி வளர்ப்பவர்கள் இந்த எண்ணை இன்னொரு முறை படிக்கலாம்.

பாலபாரதி ஆட்டிசம் பற்றியும் 'சந்துருவுக்கு என்னாச்சு?' என்று பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறார். விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு', பையன்கள் கையில் கட்டுகிற சாதிக் கயிறு பற்றியது. அதையும் நான் குடும்பக் கதைக் கணக்கில்தான் சேர்ப்பேன். அந்தக் கயிறு பள்ளிக்கூட வாசலில் முளைப்பதில்லையே. அவருடைய 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு 2025-இல் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது.

ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். பிள்ளைகளைப் பற்றிய கதை வேறு, பிள்ளைகளுக்கான கதை வேறு. பக்கத்துக் கடலூர்க்காரர் இரா. நடராசனின் 'ஆயிஷா' அவர் பெயரோடேயே ஒட்டிக்கொண்ட கதை. அடி வலிக்காமல் இருக்க ஒரு கெட்டிக்காரப் பெண் தனக்குத்தானே மருந்து ஏற்றிக்கொள்கிறாள். படித்த ஆசிரியர்களில் கையில் பிரம்பை எடுக்கக் கூசியவர்கள் எத்தனையோ பேர். அது வாத்தியார்களுக்கு எழுதின கதை, அவர்களுக்குப் போய்ச் சேரவும் செய்தது. அதை ஐந்தாம் வகுப்பில் சத்தம்போட்டு வாசிப்பேனா என்றால், மாட்டேன். பிள்ளைக்குச் சொல்லும் கதையில் உண்மை எவ்வளவு கசப்பாகவும் இருக்கலாம், ஆனால் பிள்ளை நிற்க ஓர் இடம் வேண்டும். 'காக்கா முட்டை' படத்தில் அது இருக்கிறது. அப்பா ஜெயிலில். படம் அதைப் பெரிய ரகசியமாகவும் ஆக்கவில்லை, அழுவாச்சியாகவும் ஆக்கவில்லை. அம்மா வக்கீல் பின்னால் அலைகிறாள், பையன்கள் தண்டவாளத்தில் கரி பொறுக்குகிறார்கள், பீட்சாவுக்கு ஆசைப்படுகிறார்கள். அப்பா ஜெயிலில் இருந்தாலும் பீட்சா ஆசை வரும். இந்தச் சின்ன உண்மையைச் சொல்வதற்குத்தான் நிறையப் பேருக்குக் கை வருவதில்லை.

சரி, குடிக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் பேசாமல் எப்படி? 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல். 2019 வரை கள்ளக்குறிச்சியும் விழுப்புரம் மாவட்டம்தான். அங்கே அப்பா அம்மா இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. பணம் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பிள்ளை கையில் கொடுக்க நம்மிடம் ஒரு கதை இருக்கிறதா? சாராயத்தில் செத்த அப்பாவை ஊரே ஏசும்போது, அவர் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனதை நினைத்து அழுவதற்கு அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று சொல்கிற கதை? அப்பா மேல் கோபமும் ஆசையும் ஒரே சமயத்தில் இருக்கலாம், இரண்டும் பொய்யில்லை என்று சொல்கிற கதை? நான் தேடின வரையில் கைக்கு வரவில்லை. கிடைத்தால் நீங்கள் சொல்லுங்கள்.

இந்த மாதிரிக் கதைகளை வாசிக்க ஆரம்பித்தபிறகு ஒரு அக்கா வீட்டுக்கே வந்தார். "ஏம்மா, புள்ளைங்களுக்குப் போயி குடி, சண்டைன்னு கதை சொல்றியாமே. நல்லதா நாலு சொல்லக்கூடாதா? கெட்டுப்போவாது?" நான் சண்டை போடவில்லை. "அக்கா, கதையில வர்றதுல உங்க பாப்பாவுக்குத் தெரியாதது என்ன இருக்கு, சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தெரியும். ஆனா வெளிய சொல்லிட்டா என்ன பண்றது" என்றார். பயம் அதுதான். பிள்ளை கெட்டுப்போகும் என்பதில்லை, பிள்ளை பேசிவிடும் என்பது. அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. மானத்தோடு வாழ்கிற வீட்டுக்கு அது நியாயமான பயம்.

அதனால் எனக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. கதை முடிந்ததும் "உங்க வீட்டுல இப்படி நடக்குமா?" என்று கேட்கவே மாட்டேன். அது கதையைக் காட்டிப் பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்குகிற வேலை. நீதி என்ன என்றும் கேட்பதில்லை. கதை முடிந்தால் முடிந்தது, விளையாடப் போகலாம். யாராவது ஒருத்தர் போகாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றால், நானும் கூடச் சுருட்டுவேன். பேசினால் கேட்பேன். ஒன்றை மட்டும் இந்தக் கதைகளைக் கையில் எடுக்கிற எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பாலியல் தொந்தரவு என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், அதைக் கேட்டவர் மனசுக்குள் பூட்டிவைத்துக்கொள்ள முடியாது. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்நேரமும் உண்டு. இதற்குத் தயாராக இல்லாதவர் மரப்பாச்சியைக் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

எல்லாக் கதையும் இப்படிக் கனமாக இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். சோவியத் காலத்தில் வந்த 'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்ற, ரஷ்ய எழுத்தாளர் ரஸ்கினின் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா சின்ன வயதில் செய்த அசட்டுத்தனங்களை அப்பாவே சொல்வார், பயந்தது, அழுதது, ஏமாந்தது எல்லாம். பெரியவர்களும் கோணல்மாணலாகத்தான் வளர்ந்தார்கள் என்று தெரிவதே பிள்ளைக்குப் பெரிய தைரியம். சிரிக்கச் சிரிக்கவும் உண்மை சொல்லலாம்.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று நாலு படியில் சின்னச் சின்னப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றன. மெல்லிசான புத்தகம், எளிய வாக்கியம், நல்ல படம். அந்த வரிசைக்கு எழுதுகிறவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுண்டு. முதல் பக்கத்தில் குடிக்கிற அப்பா கடைசிப் பக்கத்திலும் குடிக்கட்டும். நடுவில் அந்தப் பெண் பக்கத்து வீட்டு அத்தையிடம் போய்ச் சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி, அங்கேயே தூங்கி, காலையில் பள்ளிக்கூடம் போகட்டும். அப்பா குடிப்பதற்குத் தான் காரணம் இல்லை என்று யாராவது ஒரு பெரியவர் அவளிடம் ஒரே ஒரு வரி சொல்லட்டும். பதினாறு பக்கத்துக்கு இது போதும்.

வாசிக்கிறவர்களுக்கு: 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' வாங்கினால் முதலில் நீங்கள் முழுசாகப் படித்துவிட்டு, பிறகு பிள்ளையிடம் கொடுங்கள். இரண்டு பிரதி வாங்கமுடிந்தால், ஒன்றை உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டாமல் பிள்ளைகள் எடுக்கிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.